கழட்டின பார்ட்டைக் காட்டுவீங்கல்ல?

வேன் அக்காவை முதன்முதலில் சந்திப்பவர்கள் பெரும்பாலும் திட்டு வாங்கிக்கொண்டுதான் சந்திப்பார்கள். இதை எழுதுகிறவனும் அதற்கு விலக்கில்லை. பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், பஸ் மாறி ஏறி, தெரியாத தெருமுனையில் இறங்கித் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றபோது மஞ்சள் வேன் ஒன்று பக்கத்தில் வந்து நின்றது. டிரைவர் சீட்டிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது.

"புது வாத்தியாரா? பட்டம் வாங்குனா போதுமா தம்பி, பஸ் போர்டைப் படிக்க வேணாமா? பின்னாடி ஏறுங்க. பிள்ளைங்க காலை மிதிச்சிடாதீங்க."

டிரைவர் சீட்டில் ஒரு கறுப்புத் துண்டு நாலாக மடித்துப் போடப்பட்டிருந்தது. அது எதற்கு என்று அன்றைக்குக் கேட்கத் தோன்றவில்லை. கேட்டிருந்தால் இன்னொரு திட்டு கிடைத்திருக்கும்.

அக்காவுக்கு மாதத்தில் பாதி நாள் ரத்தப்போக்கு. துண்டு அதற்காகத்தான். உடுத்துவதும் கறுப்பு, அரக்கு, கருநீலம் தவிர வேறில்லை. வண்டி போகும் பாதையைக்கூட எந்தெந்த இடத்தில் கழிப்பறை இருக்கிறது என்று பார்த்துத்தான் வகுத்திருந்தார். பெட்ரோல் பங்க், நூலகம், அடுக்குமாடி வீட்டு வாட்ச்மேன் அறை. வேன் படியில் ஏறினாலே மேல்மூச்சு வாங்கும். ஸ்கேனில் கருப்பையில் கட்டிகள் தெரிந்தன. மாத்திரைக்கு அவை மசியவில்லை. கருப்பையை எடுத்துவிட்டு ஆறு வாரம் வண்டி ஓட்டாமல் இருப்பதுதான் நல்லது என்று டாக்டரம்மா சொல்லி ரொம்ப நாளாகிவிட்டது.

"லீவு விடட்டும் டாக்டர், வந்துடறேன்" என்பார் அக்கா. லீவு வரும், போகும். அக்கா மட்டும் போகமாட்டார்.

சாக்குக்குப் பின்னால் இருந்த காரணம் அவருடைய வீட்டுக்காரர். மனிதர் மெக்கானிக். வீட்டுக்குப் பின்னாலேயே ஷெட். அவர் கைபட்டு ஓடாத வண்டி கிடையாது. ஆனால் அவர் ஓட்டினால் எந்த வண்டியும் போய்ச் சேராது. எங்கோ ஒரு 'கிறீச்' கேட்டால் போதும், நடுரோடானாலும் ஓரங்கட்டிவிட்டு அடியில் படுத்துவிடுவார். வெளியே வந்து, "ரப்பர் புஷ் தேஞ்சிருக்கு" என்று ஏதோ வைரச் சுரங்கம் கண்டுபிடித்தவர் போலச் சொல்வார்.

"ஆறு வாரம் இவர் கையில வேனைக் கொடுத்தா, ஏழாவது வாரம் ஓட்டுறதுக்கு வண்டி இருக்கும், ஏத்துறதுக்குப் பிள்ளை இருக்காது" என்பது அக்காவின் கணக்கு. அது வெறும் பயமில்லை. அதே தெருக்களில் ஏசி வேன் ஒன்று புதிதாகச் சுற்ற ஆரம்பித்திருந்தது. அதன் டிரைவர் போகிற வருகிற அம்மாக்களுக்கெல்லாம் வணக்கம் போட்டுக்கொண்டிருந்தான். அந்த அம்மாக்களின் பிள்ளைகளோ, வீடு வீடாகப் போய் நின்று வருடக்கணக்கில் அக்கா சேர்த்தவர்கள்.

ஒரு நாள் சிக்னலில் நின்றபோது அக்காவுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. பச்சை விழுந்தது தெரியவில்லை. பின்னாலிருந்த வண்டிகளின் ஹாரன் எங்கோ கிணற்றுக்குள் கேட்பது போலக் கேட்டது. எப்படியோ ஓரங்கட்டி நிறுத்தினார். பிள்ளைகள் விளையாட்டென்று நினைத்துக் கை தட்டினார்கள். அன்றைக்குத்தான் அக்கா மிரண்டார். தனக்கு என்ன ஆனாலும் சமாளித்துக்கொள்ளலாம். வண்டி நிறையப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு சமாளிக்க முடியாது.

"உன் உடம்புல ரத்தம் பாதிதாம்மா இருக்கு" என்றார் டாக்டரம்மா. "முதல்ல அதை ஏத்துவோம். அப்புறம் ஆபரேஷன். இனிமே லீவுன்னு சொன்னே, நானே வந்து வேனை மறிப்பேன்."

மெக்கானிக்கும் கூடப் போயிருந்தார். ஏதாவது சந்தேகம் உண்டா என்று டாக்டரம்மா கேட்டதுதான் தாமதம், முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"எதை எதைக் கழட்டுறீங்க, எதை எதை விடுறீங்க டாக்டர்?"

அக்கா தலையில் அடித்துக்கொண்டார். டாக்டரம்மா பொறுமையாகப் பதில் சொன்னார். "கருப்பை, அதோட வாய், ரெண்டு குழாய், இதை எடுத்துடுவோம். சினைப்பை ரெண்டும் நல்லா இருந்தா விட்டுடுவோம். மாதவிடாய் நின்னுடும். ஆனா உடம்பு திடீர்னு கொதிக்கிறது, வியர்த்துக் கொட்டுறதெல்லாம் உடனே வராது. அது அதோட வயசுல வரும்."

"நல்லா ஓடுற பார்ட்டைத் தொடக்கூடாது. கரெக்டு டாக்டர்" என்று மெக்கானிக் சான்றிதழ் கொடுத்தார். பிறகு தயங்கி, "கழட்டின பார்ட்டைக் காட்டுவீங்கல்ல?" என்றார்.

"என்னது?"

"இல்ல டாக்டர், எங்க தொழில்ல அது ஒரு மரியாதை. புதுசு மாத்துனா பழசைக் கஸ்டமர் கண்ணுல காட்டிடணும். இல்லேன்னா மாத்தவே இல்லைன்னு நினைப்பாங்க."

"புதுசு எதுவும் மாத்தலையேய்யா!" டாக்டரம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "சரி, காட்டுறேன். கையில தரமாட்டேன். லேபுக்கு அனுப்பிப் பரிசோதிக்கணும்."

மருந்து வாங்கிவரும்படி மெக்கானிக்கை அனுப்பிவிட்டு அக்கா குரலைத் தாழ்த்தினார். "டாக்டர், அதுக்கப்புறம் வீட்டுக்காரரோட..."

"உள்ளே தையல் ஆறணும். ஆறு வாரம் கழிச்சு நான் பார்த்துச் சொல்றேன். அப்புறம் பழைய மாதிரிதான்."

"பழைய மாதிரியேவா? அதைவிட நல்லா இருக்கும்னு நினைச்சேனே டாக்டர்!"

விஷயம் கேள்விப்பட்டு நாத்தனார் வந்து இறங்கினார். ஆறுதல் சொல்லத்தான் வந்தார். "உள்ளே காலியாக் கிடக்குமாமே? குரல்கூட ஆம்பளைக் குரல் ஆயிடுமாமே?"

"ஆகட்டும் அண்ணி. சிக்னல்ல கத்துறதுக்கு வசதியா இருக்கும். காலியெல்லாம் இருக்காது, குடல் நகர்ந்து உட்கார்ந்துக்குமாம். நம்ம வீட்டுல ஒரு நாற்காலி காலியானா யாராவது விட்டு வைக்கிறோமா?"

இனித் தேவைப்படாது என்ற சந்தோஷத்தில், வீட்டிலிருந்த நாப்கின் கட்டுகளை எல்லாம் அக்கா நாத்தனார் பையில் திணித்து அனுப்பினார். ஆபரேஷனுக்குப் பிறகும் சில வாரம் லேசாக ரத்தம் படும், கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள் என்று நர்ஸ் பிறகு சொன்னபோது, கொடுத்ததைத் திரும்பக் கேட்டு ஃபோன் செய்ய வேண்டியதாயிற்று. நாத்தனார் அதை இன்றுவரை சொல்லிக் காட்டுகிறார்.

அடுக்களையில் கீழ்த்தட்டிலிருந்த பாத்திரங்களெல்லாம், குனியாமல் எடுக்க வசதியாக, இடுப்பு உயரத்துக்கு ஏறின. தொளதொள உடுப்புகள் துவைத்து மடிக்கப்பட்டன. மிச்சமிருந்தது மெக்கானிக்கைப் பழக்குவதுதான். பக்கத்தில் அக்கா உட்கார, பிள்ளைகளோடு ஒத்திகை ஓட்டம். முதல் தெரு தாண்டுவதற்குள் இரண்டு முறை இறங்கிவிட்டார்.

"இன்னிக்கு யார் வீட்டுக் கல்யாணம் அடியில நடக்குது?" என்றார் அக்கா.

"சத்தம் கேக்குதே! காதைப் பொத்திக்கிட்டா ஓட்ட முடியும்?"

அக்காவுக்குப் பளிச்சென்று ஒரு யோசனை. திரும்பிப் பார்த்து, "பிள்ளைங்களா, நாளையிலேருந்து வண்டி நகர்ந்தா பாட்டு. மாமாவுக்கு வண்டிச் சத்தமே கேட்கக்கூடாது. எவ்ளோ சத்தமா வேணாலும் பாடலாம்" என்றார். அப்படி ஒரு உத்தரவுக்காகத்தான் அவர்கள் பிறந்ததிலிருந்து காத்திருந்தார்கள் போலும். மறுநாள் வேன் அலறிக்கொண்டு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

ஆபரேஷன் அன்று காலையில் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை. வளையல், மோதிரம் எல்லாம் கழன்றன. முதுகில் ஊசி போட்டார்கள். இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை. சும்மா இருந்து பழக்கமில்லாத அக்கா, தியேட்டருக்குள்ளும் "லைட்டு ஒண்ணு மினுக்குது, பாருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாராம்.

வெளியே டாக்டரம்மா வாக்குத் தவறாமல் மெக்கானிக்கைக் கூப்பிட்டு ஒரு தட்டைக் காட்டினார். எத்தனையோ என்ஜினைப் பிரித்துப் போட்ட மனிதர் அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டார். நர்ஸ் தண்ணீர் தெளித்தார். "இவ்ளோ பெருசை வயித்துல வெச்சுக்கிட்டா வண்டி ஓட்டினா?" என்று மட்டும் மெக்கானிக் திரும்பத் திரும்பக் கேட்டாராம்.

மறுநாளே சிறுநீர் போக வைத்திருந்த குழாயை எடுத்துவிட்டு எழுப்பி நடக்கவைத்தார்கள். அக்காவுக்குத் தையல் வலியைவிட வாயுவின் உபத்திரவம் பெரிதாக இருந்தது. வயிறு பந்து மாதிரி உப்பி, தோள்பட்டை வரைக்கும் குத்தியது. அது பிரிந்தால்தான் குடல் வேலை செய்ய ஆரம்பித்ததாக அர்த்தம் என்றார்கள். வார்டே அந்த நல்ல சேதிக்காகக் காத்திருந்தது. கடைசியில் அது வந்தபோது பக்கத்துக் கட்டிலுக்கும் கேட்டது.

"சைலன்சர் அடைப்பு எடுத்தாச்சு" என்றார் மெக்கானிக், முகமெல்லாம் மலர்ச்சியோடு.

"சிரிக்க வைக்காதீங்க, தையல் இழுக்குது!" என்று அக்கா தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டார். இருமல் வந்தாலும் சிரிப்பு வந்தாலும் தலையணையை அப்படி அழுத்திக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உண்மையான சோதனை. குடம் தூக்கக்கூடாது, குனிந்து பெருக்கக்கூடாது. நடக்கலாம், களைத்தால் படுக்கலாம். காய்ச்சல், நாற்றம், அதிக ரத்தம், கால் வீக்கம் என்று எது வந்தாலும் உடனே வர வேண்டும். லேப் முடிவு நல்லபடியாக வந்தது. அதைக் கேட்டு அழாத அக்கா, டிவியில் பற்பசை விளம்பரம் பார்த்து விசும்பினார். மெக்கானிக் பயந்துபோய்ச் சேனலை மாற்றினார்.

இப்படியே மூன்றாவது வாரம் ஓடிக்கொண்டிருந்தபோது நாத்தனார் ஒரு சேதியோடு வந்தார். இரண்டு பிள்ளைகள் ஏசி வேனுக்கு மாறிவிட்டார்களாம்.  நாத்தனார் கிளம்பியதும் அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனார். வேன் நின்றிருந்தது. ஏறி உட்கார்ந்து கிளட்ச்சை மிதித்தார். அடிவயிற்றில் யாரோ கொக்கி போட்டு இழுத்தது போலிருந்தது. அன்று சாயங்காலம் சிவப்பாக ரத்தம் பட்டது.

டாக்டரம்மா பார்த்துவிட்டு, தையலுக்குப் பழுதில்லை, ஆனால் இது எச்சரிக்கை என்றார். "பதறி பிரேக்கை மிதிக்கிறப்போ வலிக்கக்கூடாது. வலிக்குமோன்னு கால் ஒரு நொடி யோசிச்சாலே குறுக்க வர்றவனுக்கு ஆபத்து. அதுவரைக்கும் நீ பயணிதான்."

திரும்பி வரும்போது ஓட்டியவர் மெக்கானிக். விசித்திரம், வண்டியை வழியில் எங்கும் நிறுத்தவில்லை. வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு அக்கா பக்கம் திரும்பினார்.

"என்ஜின் வேலை பார்த்துட்டு, ஆயிரம் கிலோமீட்டர் வரைக்கும் விரட்டாதேன்னு சொல்லி அனுப்புவேன். சொன்ன அன்னிக்கே விரட்டிட்டு வந்து நிக்கிறவனை நீ என்னன்னு திட்டுவே?"

"அறிவு கெட்ட ஜென்மம்னு."

"நான் ஒண்ணும் சொல்லலைம்மா. நீயே சொல்லிக்கிட்டே."

அதற்குப் பிறகு அக்கா ஷெட் பக்கம் போகவில்லை. ஆனால் ஒவ்வொரு காலையும் சன்னலோரம் உட்கார்ந்து, வேன் தெருமுனை திரும்பும்வரை பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தார். பாட்டு நடுவில் நிற்காதவரைக்கும் வண்டியும் நிற்கவில்லை என்று அர்த்தம்.

டாக்டரம்மா சரி என்று சொன்ன பிறகு, அக்கா தெருவுக்குள்ளேயே ஓட்டிப் பார்த்து, பிரேக்கை ஓங்கி மிதித்துப் பார்த்தார். வலிக்கவில்லை. முதல் நாள் வேனை எடுத்துக்கொண்டு போனபோது பிள்ளைகள் ஏறியதும் கேட்டது ஒரே கேள்வி.

"மாமா வரலையா?"

"ஏன், நான் வந்தா ஆகாதா?"

"நீங்க வந்தா பாட்டு உண்டா?"

உண்டு என்று ஒத்துக்கொண்ட பிறகுதான் கதவைச் சாத்தவிட்டார்கள். ஏசி வேனுக்குப் போன இரண்டு பேரில் ஒருத்தி மறு வாரமே திரும்பிவிட்டாள். அங்கே பேசக்கூட விடுவதில்லையாம். இன்னொருவன் வரவில்லை. அவனைப் பார்க்கும்போதெல்லாம் அக்கா ஹாரன் அடித்துக் கையாட்டுவார். அதில் பாசம் பாதி, வீம்பு பாதி.

வேன் அக்கா இப்போதும் அதே பாதையில்தான் ஓட்டுகிறார். பெட்ரோல் பங்கில் பெட்ரோலுக்கு மட்டும் நிறுத்துகிறார். வெளிர்மஞ்சளில் இரண்டு புது உடுப்பு தைத்திருக்கிறார். கறுப்புத் துண்டால் முன் கண்ணாடியைத் துடைக்கிறார்.