நாற்காலி டூட்டி

"கையை வீசுங்க சாமி, கையை! எதுக்குக் கட்டிக்கிட்டுப் போறீய? குளிருதா?"

ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடிப் பக்கம் காலை ஆறு மணிக்கு நடைப்பயிற்சிக்குப் போகிற எவரும் இந்தக் குரலுக்குத் தப்ப முடியாது. குரலுக்குச் சொந்தக்காரர் கருத்தப்பாண்டி, ஓய்வுபெற்ற சப்-இன்ஸ்பெக்டர், வயது அறுபத்தாறு. இன்றைக்கு மாட்டியவர் சடகோபன். வங்கி வேலை முடிந்து எழுபதைத் தொட்ட பிறகும் நாலு ரத வீதியையும் தினம் இரண்டு சுற்று சுற்றுகிற மனிதர். பாவம், கையை வீசிக் காட்டிவிட்டுப் போனார். திருத்திய கருத்தப்பாண்டியோ மூன்று வருடமாகக் கேட்டைத் தாண்டி நடந்ததில்லை.

சும்மா சொல்லக்கூடாது, அவருக்கு நடை என்றால் உயிர். பிறத்தியார் நடை. ஆயுதப்படை மைதானத்தில் முப்பத்திரண்டு வருடம் கவாத்து சொல்லிக்கொடுத்தவர். அவர் விசிலுக்கு ஓடி வாந்தி எடுத்தவர்களில் நாலு பேர் இன்று இன்ஸ்பெக்டர்கள். இப்போது போர்டிகோவில் நாற்காலி, பக்கத்து ஸ்டூலில் செய்தித்தாள், மீசைக்கு ஒரு சீப்பு. காய்கறி வண்டிக்காரனைக்கூட "ஹால்ட்!" என்று கத்தித்தான் நிறுத்துவார். கத்தரிக்காயைப் பொறுக்க உள்ளேயிருந்து மனைவி வெங்கடேஸ்வரி வரவேண்டும்.

அந்த நாற்காலியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கோ ஒரு பழைய போலீஸ் அலுவலகத்தை இடித்தபோது ஏலத்தில் எடுத்தது. கைவைத்த தேக்கு நாற்காலி. வலது கையின் ஆணி தளர்ந்துபோய், ஊன்றினால் 'கிறீச்' என்று தெருவுக்கே கேட்கும். "ஆசாரியைக் கூப்பிட்டு அடிச்சிருவோமா?" என்று வெங்கடேஸ்வரி ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அந்தச் சத்தம் அவளுக்கு வேண்டியிருந்தது.

ஏனென்றால் கருத்தப்பாண்டியால் தானாக எழுந்திருக்க முடியாது. இரண்டு கையையும் ஊன்றி, பல்லைக் கடித்து, பாதி எழும்பி அப்படியே நின்றுவிடுவார். அதற்குமேல் ஒரு கை வேண்டும். கிறீச் என்று கேட்டதும் அடுப்படியில் இருந்து வெங்கடேஸ்வரி வந்துவிடுவாள். "தம்ளரை எடுக்க வந்தேன்" என்பாள். "இந்தா, இந்தப் பேப்பரைப் பிடி" என்பார் அவர். பேப்பர் கைமாறுகிற சாக்கில் அவர் முழங்கைக்கு அடியில் அவள் கை போய்விடும், ஆள் எழுந்துவிடுவார். மூன்று வருடமாக இது நடக்கிறது. ஒருநாளும் இதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

வெளியாட்கள் கண்ணில் இது பட்டுவிடக் கூடாது என்பதற்கு அவர் செய்கிற ஏற்பாடுகள் இருக்கிறதே, அடேயப்பா! ஆட்டோவில் போய் இறங்கும் கல்யாண வீட்டில் தூண் ஓரத்து நாற்காலியாகப் பார்த்து உட்காருவார். பந்திக்குக் கடைசியாகத்தான் போவார், "சின்னப் பிள்ளைய சாப்பிடட்டும்" என்கிற பெருந்தன்மையோடு. பழைய சிஷ்யன் ஒருவன் இன்ஸ்பெக்டர் உடுப்பிலேயே பத்திரிகை வைக்க வந்தபோது உட்கார்ந்தபடியே சல்யூட் அடித்தார். "முட்டிக்கு எண்ணெய் போட்டிருக்கு, தப்பா நெனைக்காத." ஆகஸ்ட் பதினைந்து அன்று டி.வி.யில் கொடி ஏறி ஜனகணமன தொடங்கும் முன்னாலேயே ரிமோட்டை அழுத்திச் சமையல் நிகழ்ச்சிக்குப் போய்விடுவார். உட்கார்ந்து கேட்க மனசு வராது, எழுந்து நிற்க முட்டி வராது. அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்க்க வெங்கடேஸ்வரிக்குப் பொறுக்காது. உளுந்து ஊறவைக்க எழுந்து போய்விடுவாள்.

இந்த வருடம் இந்தக் கைமாற்று ஏற்பாட்டுக்கும் ஒரு சோதனை வந்தது. ஓசூரில் இருக்கிற மகள் கமலினிக்கு இரண்டாவது பிரசவம், தேதி அடுத்த மாதம் இருபது. முதல் பிள்ளையை இங்கே பெற்றாள். இரண்டாவதுக்கு அம்மாதான் அங்கே போய் இரண்டு மாதம் இருக்க வேண்டும். தினமும் போன். "எப்பம்மா வாரே?" "டிக்கெட் கிடைக்கல தாயி." மூன்று வாரமாக வெங்கடேஸ்வரி டிக்கெட்டின் மேல் பழி போட்டுக்கொண்டிருந்தாள். நாற்காலியில் இருந்தவரும், "ஏன் கிடைக்கல?" என்று கேட்கவே இல்லை. ரோட்டில் போகிற ஒவ்வொருவரையும் எங்கே போகிறாய் என்று விசாரிக்கிற மனிதர் அவர்.

இப்படி இருக்கும்போதுதான் ராஜபாளையத்தில் இருந்து ஸ்கூட்டரில் ஜாஸ்மின் வந்தாள். கையில் ஒரு டேப்லெட், கழுத்தில் அடையாள அட்டை. அறுபது தாண்டி, நாளெல்லாம் உட்கார்ந்தே கழிக்கிறவர்களை எப்படி எழுப்பி நடமாட வைப்பது என்று ஒரு மருத்துவக் குழு ஆராய்ச்சி நடத்துகிறதாம். அதற்கு ஆள் தேடி வீடுவீடாக வந்திருந்தாள். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது.

"சார், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் உட்கார்ந்திருப்பீங்க?"

"உக்காருறதா? அதுக்கெல்லாம் எங்க நேரம்? காலையில ஆறு மணிக்குக் கவாத்து. எட்டு வரைக்கும் ரோட்டைப் பாத்துக்கிடணும். பொறவு வீட்டு நிர்வாகம். சாயங்காலம் மறுபடி ரோந்து."

"மொத்தம் எவ்வளவு போடட்டும் சார்?"

"பதினாலு மணி நேரம் டூட்டின்னு போட்டுக்கோ."

இதை அவர் சாய்ந்து உட்கார்ந்தபடி, தொடையில் தட்டிச் சொன்னார். எந்தக் கூச்சமும் இல்லை. அவர் கணக்கில் அது பொய்யும் இல்லை. பந்தோபஸ்துக்குப் போன இடத்தில் எட்டு மணி நேரம் ஜீப்பில் தூங்கினாலும் டூட்டி டூட்டிதானே!

அடுத்து வெங்கடேஸ்வரி. அவள் இடது கையில் கரண்டி, இடுப்பில் துவைத்த துணி. "எனக்கென்ன தாயி? வீட்டுல சும்மாதான் இருக்கேன்." நடைப்பயிற்சி உண்டா என்று கேட்டதற்கு, "அதுக்கெல்லாம் ஏது நேரம்?" என்றாள். அந்த இரண்டு பதிலும் ஒன்றுக்கொன்று இடிப்பது கேட்டவளுக்கும் உறைக்கவில்லை, சொன்னவளுக்கும் உறைக்கவில்லை.

டேப்லெட் தீர்ப்புச் சொல்லிவிட்டது. கருத்தப்பாண்டி நல்ல நடமாட்டம் உள்ளவர், ஆராய்ச்சி அவருக்குத் தேவையில்லை. வெங்கடேஸ்வரி அசையாமல் இருப்பவள், உடனே சேர்க்க வேண்டும். எத்தனை அடி நடக்கிறாள் என்று எண்ணுகிற கறுப்பு வாட்ச் ஒன்றை அவள் வளையலுக்கு மேலே கட்டிவிட்டு ஜாஸ்மின் போய்விட்டாள்.

"பாத்தியாட்டி!" கருத்தப்பாண்டிக்கு மெடல் வாங்கிய சந்தோஷம். "எனக்குத் தேவையில்லன்னு ஆராய்ச்சிக்காரவியளே எழுதிட்டாவ. நீதான் குத்துக்கல்லு மாதிரி கெடக்கே."

"சரிங்க" என்று சொல்லிவிட்டு அவள் துணி காயப்போட மாடிக்குப் போனாள்.

அன்றிலிருந்து அவரே மனைவிக்குப் பயிற்சியாளர். பால் பாக்கெட் எடுக்க அவள் கேட்டுக்குப் போனால், "குதிகாலு மொதல்ல! வயித்தை உள்ள இழு! லெஃப்ட், ரைட்!" குப்பை கொட்டப் போனால், "அப்படியே செத்த தூரம் போயிட்டு வா. உனக்கு நல்லதுக்குத்தான் சொல்லுதேன்." சாயங்காலம் ஆனால், "ஒரு ரவுண்டு அடிச்சிட்டு வரும்போது பால்கோவா கால் கிலோ வாங்கிக்கோ. சூடா இருந்தா அரைக்கிலோ." சர்க்கரைக்கு இரண்டு வேளை மாத்திரை போடுகிற மனிதர் பேசுகிற பேச்சு! அவளுக்கு ஆத்திரம் வராமல் இல்லை. ஒருநாள் பால்கோவாவுக்குப் பதில் பாகற்காய் வாங்கி வந்து ஸ்டூலில் வைத்தாள். அவர் அதைப் பார்த்துவிட்டு, "நடையில டிசிப்ளின் பத்தாது" என்றார்.

ஒரு வாரம் கழித்து வந்த ஜாஸ்மின் டேப்லெட்டைப் பார்த்தாள், வாட்ச்சைப் பார்த்தாள், வெங்கடேஸ்வரியைப் பார்த்தாள். ஒரு நாளைக்குப் பதினாலாயிரம் அடி. வாட்ச் கெட்டுவிட்டது என்று வேறு வாட்ச் கட்டினாள். அடுத்த வாரம் அது பதினாலாயிரத்து முந்நூறு காட்டியது.

"எம் பயிற்சி!" என்று மீசையை நீவினார் கருத்தப்பாண்டி.

பிள்ளைக்குச் சந்தேகம் விடவில்லை. மூன்றாவது வாரம் ஒருநாள் காலை ஆறு மணிக்கே வந்து, போர்டிகோ மூலையில் ஒரு பிரம்பு மோடாவைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். நாற்காலிக்கும் அடுப்படிக்கும் பத்தொன்பது அடி. காப்பிக்கு ஒருமுறை, காப்பியில் சீனி பத்தாததற்கு ஒருமுறை, கண்ணாடிக்கு, கண்ணாடி துடைக்கிற துணிக்கு, ஃபேனைக் கூட்ட, ஃபேனைக் குறைக்க, யார் போன் என்று கேட்க. இது போக, கிறீச் என்ற சத்தம் வரும்போதெல்லாம் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓட்டம். பதினொன்றரை மணிக்குள் வெங்கடேஸ்வரி நாற்பத்தாறு தடவை வந்து போயிருந்தாள். பதினாலு மணி நேர டூட்டிக்காரர் இரண்டே தடவை எழுந்திருந்தார். இரண்டு தடவையும் பேப்பர் கைமாறியதை ஜாஸ்மின் கவனித்தாள்.

"சார், தப்பு என்னோடதுதான். ஆள் மாறிப்போச்சு. அம்மாவை எடுத்துட்டு உங்களைச் சேர்க்கணும்."

"என்னம்மா, எஃப்.ஐ.ஆர்.ல ஆளை மாத்துறியா?" கருத்தப்பாண்டியின் குரல் ஏறிவிட்டது. "முப்பத்திரண்டு வருசம் கிரவுண்டுல நின்னவன் நான்!"

"அதனால என்ன சார், சின்ன டெஸ்ட்தான். கையை நெஞ்சுல குறுக்கக் கட்டிக்கணும். முப்பது செகண்டுல எத்தனை தடவை எழுந்து உட்கார்றீங்கன்னு நான் எண்ணுவேன். கை ஊன்றினா கணக்குல வராது."

அவ்வளவுதான், மனிதர் முகம் செத்துவிட்டது. சாப்பிட்டதும் கவாத்து கூடாது என்றார். சாப்பிட இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. இந்த நாற்காலி சர்க்கார் நாற்காலி, கால் ஏற்ற இறக்கம் என்றார். பிள்ளை மோடாவைக் காட்டியதும், மோடாவில் உட்காருவது உத்தியோகத்துக்கு அழகில்லை என்றார். நாளைக்கு வா என்றார். கடைசியில் பேப்பரை எடுத்து முகத்துக்கு நேரே விரித்துக்கொண்டார்.

வெங்கடேஸ்வரி அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். எப்போதும் தம்ளரை எடுக்க வருகிற அதே நடை. ஆனால் தம்ளரை எடுக்கவில்லை.

"கமலினிக்கு இருபதாம் தேதி" என்றாள். "டிக்கெட் கிடைக்கலன்னு நான் சொல்றது பொய். கேட்டா இன்னிக்கே கிடைக்கும். நான் போயிட்டா உங்களை யாரு எந்திரிக்க வைப்பா? அதான் போடல."

மூன்று வருடம் பொத்திப் பொத்தி வைத்தது, ஒரு வெளியாள் முன்னால் போர்டிகோவில் வந்து விழுந்துவிட்டது. ஜாஸ்மின் தலையைக் குனிந்துகொண்டாள். கருத்தப்பாண்டி பேப்பரை மெதுவாக மடித்தார். இரண்டாக மடித்து, நாலாக மடித்து, ஸ்டூலில் வைத்து, அதன்மேல் சீப்பை வைத்தார். பிறகு நெஞ்சை நிமிர்த்தி, மைதானத்தின் கடைசி வரிசைக்குக் கேட்கிற பழைய குரலில் ஒரு போடு போட்டார்.

"ரெண்டு பேரும்! அபவுட் டர்ன்!"

"சார், நான் பார்த்துதான் எண்ணணும்..."

"எண்ணிக்கை நான் சொல்லுதேன். அபவுட் டர்ன்!"

வெங்கடேஸ்வரி சுவரைப் பார்த்துத் திரும்பினாள். வேறு வழியில்லாமல் ஜாஸ்மினும் திரும்பினாள். இரண்டு பேர் மூக்குக்கும் முன்னால் வெறும் வெள்ளைச் சுவர். காய்கறி வண்டிக்காரன் கேட்டுக்கு வந்து, இது என்ன கூத்து என்று பார்த்தான். "ஏலே, நீயும்தான்!" என்று அதட்டல் வந்ததும் தராசோடு ரோட்டைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

கிறீச்.

வெங்கடேஸ்வரியின் வலது கை அவளைக் கேட்காமலே பின்னால் நீண்டுவிட்டது. முழங்கை வந்து விழும் என்று உள்ளங்கை விரிந்து காத்திருந்தது. எதுவும் வரவில்லை.

"அது சேராது" என்றது பின்னாலிருந்து குரல். "அது ட்ரையல்."

பிறகு சத்தமே இல்லை. முப்பது விநாடி எப்போதோ முடிந்துவிட்டது. ஜாஸ்மின் டேப்லெட்டில் ஓடிய கடிகாரத்தை நிறுத்திவிட்டாள். நாற்காலிக் கால் தரையில் ஒருமுறை உரசியது. ஒரு பெருமூச்சு, இன்னொரு பெருமூச்சு. முட்டி சொடுக்கியது. தொப்பென்று உட்கார்ந்த சத்தம். நாலாவது தடவை ஒரு முக்கல், அது பாதியில் நிற்காமல் மேலே மேலே போனது. வெங்கடேஸ்வரி மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தச் சத்தத்துக்காகக் காது கொடுத்தாள். கிறீச் இப்போது வரும், இதோ வரும் என்று நின்றாள். வரவில்லை.

"ஒண்ணு" என்றார் கருத்தப்பாண்டி. கவாத்துக் குரல் இல்லை, காற்றுதான் வந்தது. ஆனால் அது அவள் தலைக்கு மேலே, நிற்கிற ஆளின் உயரத்தில் இருந்து வந்தது.

வெங்கடேஸ்வரி திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் நீட்டியிருந்த கையை மெல்ல முன்னால் இழுத்து, முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.