எலோயின் வீட்டுப் புகை

எலோய் பிறந்தது வடக்கு ஸ்பெயினின் மலைகளில், வல்நெவாரா என்னும் முப்பத்தொரு வீட்டு ஊரில். லண்டன் ஆஸ்பத்திரியொன்றில் நோயாளிகளைத் தள்ளுவண்டியில் கொண்டுபோகும் வேலை பார்த்தபோது, அங்கே தாதியாக இருந்த யாழ்ப்பாணத்து யோகராணியை மணந்தார். 1973இல் இருவரும் சிட்னிக்கு வந்தார்கள். அவருக்குச் செவன் ஹில்ஸில் இரும்புக் கதவு செய்யும் தொழிற்சாலையில் வேலை. அவளுக்குப் பரமட்டாவுக்குப் பக்கத்தில் ஆஸ்பத்திரி வேலை. மனைவியோடு சண்டை பிடித்தே அவர் தமிழ் பழகினார். அதனால் அவருடைய தமிழில் கோபம் மட்டும் பிழையில்லாமல் வரும்.

வல்நெவாராவில் ஒரு வழக்கம் உண்டு. பெப்ரவரித் திருநாளில், புனிதரின் சிலையைத் தூக்கிச் செல்லும்போது, ஊர்ச்சபையின் தலைவர் புகைபோக்கிகளை எண்ணுவார். புகை வராத வீட்டுக்கு ஊர்க்காட்டு விறகிலும் மலைநீரிலும் பங்கில்லை. பங்கில்லாத வீட்டில் குளிர்காலம் தாண்ட முடியாது. வயது போனதும் அங்கே திரும்பிவிடுவதென்று எலோய் தீர்மானித்திருந்தார். ஆகவே அவருடைய அக்கா ஆண்டுதோறும் அங்கிருந்த குடும்ப வீட்டில் அடுப்பு மூட்டிவந்தாள்.

1975 கடைசியில் அக்கா இறந்தாள். அடுத்த ஏப்ரலில் சபையின் கடிதம் வந்தது: உங்கள் குடும்பத்துப் புகை இல்லை, பங்கு போய்விட்டது.

"பொய்! பக்கத்து வீட்டு பல்தசாருக்கு வீட்டுத் திறப்பு அனுப்பினனான். மூட்டச் சொல்லி எழுதினனான்!" என்று எலோய் மேசையில் குத்தினார்.

"மேசையை விடுங்கோ. அதுவும் இல்லையெண்டால் நிலத்திலதான் சாப்பாடு," என்றாள் யோகராணி.

அந்த மாதமே பரமட்டா மண்டபமொன்றில், ஒரு ஞாயிறு மத்தியானம், பயண முகவர் ஒருவர் ஸ்பெயின் மலையூர்களின் படங்களைத் திரையில் காட்டினார். காலம் மறந்துபோன ஊர்கள், கல்லில் செதுக்கிய அமைதி என்றெல்லாம் பேசினார். மக்கள் விட்டுப்போன ஊரைப் பார்த்து அழகு என்று சொல்ல, அங்கிருந்து ஓட வேண்டியிராத ஒருவரால்தான் முடியும். கடைசிப் படத்தில் பனி மூடிய கற்கூரையும் அதன் முன்னே தோளில் ஏறிய புனிதர் சிலையும் இருந்தன. புகைபோக்கியிலிருந்து தடித்த புகை எழுந்துகொண்டிருந்தது.

"அது என்ர வீடு!" எலோய் எழுந்து கத்தினார்.

"இது இந்தப் பெப்ரவரியில் எடுத்தது. இப்போது அருமையான விடுதி," என்று முகவர் மகிழ்ச்சியோடு சொன்னார்.

புகைக்குச் சாட்சியாக எலோய் கேட்ட அந்தப் படத்தைத் தர முகவர் மறுத்தார். யோகராணி நடந்துபோய், படம் காட்டும் கருவியிலிருந்து அதைக் கழற்றித் தன் கைப்பையில் போட்டாள். யாரும் தடுக்கவில்லை.

படம் வல்நெவாராவுக்குப் போனது. ஏழு வாரத்தில் பதில் வந்தது. புகை இருந்தது உண்மைதான். ஆனால் அடுப்பை மூட்டியவன் பல்தசார்; அங்கே விடுதி நடத்திக் குடியிருப்பவனும் அவனே. இரத்த உறவு மூட்டினால் புகை குடும்பத்துடையது, பிறத்தியான் மூட்டினால் மூட்டியவனுடையது. இந்த விதி உங்கள் வீட்டாருக்குத் தெரியும்.

அந்தச் சபையைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்லலாம்: அது அந்த முகவரைப்போல யாருக்காகவும் சிரித்துக் காட்டவில்லை.

சபைக்குப் பதில் எழுத எலோய் உடனே பேனையை எடுத்தார். பல்தசாரைக் கள்ளன், நாய் என்று ஒவ்வொரு வரிக்கும் உரக்கத் திட்டினார். யோகராணி கடிதத்தை மீண்டும் அவரைக்கொண்டு மொழிபெயர்க்கச் செய்தாள்.

"இஞ்சாருங்கோ, உங்கட வீட்டாருக்குத் தெரியும் எண்டு ஏன் எழுதியிருக்கினம்?"

அவர் எழுதிக்கொண்டே இருந்தார்.

"உங்களைத்தான் கேக்கிறன்."

"உள்நாட்டுச் சண்டைக் காலம். அந்த வீடு முந்தி வேற ஆக்களின்ர. அவை மலை தாண்டி ஓடிட்டினம். அப்பா போய் அடுப்பு மூட்டினவர்."

"அவையள் திரும்பி வரேல்லையோ?"

"ஒருக்கா வந்தவை. ரண்டு பிள்ளையளோட."

"வந்து?"

"அப்பா கதவு திறக்கேல்லை. எனக்கு ஒன்பது வயது. உள்ளுக்கை நிண்டனான்."

"அதைச் சொல்லாமல், ஊர் பேர் தெரியாத சனத்துக்கு முன்னால என்னைக் களவெடுக்க வைச்சனீங்கள் என்ன? நியாயம் கேக்கிறாராம், நியாயம்!"

மேசையில் அவர் எழுதிக்கொண்டிருந்த தாளை எடுத்து அவள் நான்காகக் கிழித்தாள். பேனை கையில் இருந்தபடியே எலோய் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.