இடப்பக்கத்துச் சோறு

இது நடந்தது. நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம், யாரும் கையைப் பிடித்து வைக்கவில்லை. பேய் என்றால் நடுச்சாமம் வேண்டும், நாய் ஊளையிட வேண்டும், வெள்ளைச் சேலை வேண்டும் என்று எதிர்பார்க்கிறவர்களும் கூடவே போகலாம். இது பட்டப்பகலில் நடந்தது. ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் ஆண்கள் வார்ட்டில், பார்க்க வந்தவர்கள் தோடம்பழம் உரித்துக்கொண்டிருக்கிற நேரத்தில் நடந்தது.

நடந்தது இன்னாசித்தம்பிக்கு. கற்பிட்டிக் கரையில் இரண்டு படகு வைத்திருந்தவர். அங்கே படகுச் சொந்தக்காரரைச் சம்மாட்டி என்பார்கள். வயது ஐம்பத்தெட்டு. அவருக்கு ஒரு பெரிய திறமை இருந்தது: யாரையும் மதிக்காமல் இருப்பது. டொக்டர்மார் புத்தகப் பூச்சிகள். மனைவி யூஜினி வாய் மட்டும் வளர்ந்தவள். வேலைக்கு வருகிறவர்கள் எல்லாரும் மாடுகள். அந்த மாடுகளிலும் கடைசி மாடு பஸ்தியான்.

பஸ்தியான் பதினான்கு வருடம் அவருடைய படகில் உழைத்தவன். காலையில் கரையிலுள்ள வாடிக்குள், அதாவது வலையும் எஞ்சினும் போட்டு வைக்கிற கொட்டிலுக்குள், சம்மாட்டி கதிரையில் இருந்து சாப்பிடுவார். பஸ்தியான் அவருக்கு இடப்பக்கத்தில் மணலில் குந்தியிருப்பான். அவர் தட்டின் வலப்பக்கத்தைத் தின்றுவிட்டு மிச்சத்தை அவன் பக்கம் தள்ளுவார். "இந்தா, தின்னு." அவனும் தின்பான். ஒரு தடவை படகுக்கு நம்பர் எழுதச் சொன்னார். படிக்காதவன் ஒன்பதைத் திருப்பி எழுதிவிட்டான். கரையே கூடிச் சிரித்தது. சிரிக்கக் கூப்பிட்டவர் சம்மாட்டிதான். அந்த ஒன்பதை அவர் கடைசிவரை அழிக்கவும் இல்லை, ஆள் வந்தால் காட்டுவதற்கென்று வைத்திருந்தார்.

2017 நவம்பர், ஒரு செவ்வாய்க்கிழமை. காலை 6.40.

மற்றவர்கள் கடலுக்குப் போய்விட்டார்கள். பஸ்தியான் தண்ணீர்க் கரையிலிருந்து வாடிக்கு வந்தான். இடக்காலை இழுத்து இழுத்து வந்தான். கட்டியிருந்த சாரம் இடுப்புவரை நனைந்திருந்தது. வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. ஏதோ சொல்லப் பார்த்தான், சொல் குழறியது.

"விடியக் காலையிலேயே ஏத்திட்டியா, எருமை? போய் உள்ளுக்குள்ள கிட" என்றார் சம்மாட்டி. கையில் மணிக்கூடு இருந்தது, பார்த்தார். வேலைக்குப் பிந்தினால் நேரம் பார்ப்பது அவர் பழக்கம்.

கசிப்பு, அதாவது கள்ளச் சாராயம், அடித்தவன் என்று நினைத்தார். கரையில் யாருமே அப்படித்தான் நினைப்பார்கள். ஆனால் மற்றவர்கள் கிட்டப் போய் வாயை மணந்து, குடிவாடை வருகிறதா என்றாவது பார்த்திருப்பார்கள். இவர் பார்க்கவில்லை. பதினொரு மணிக்குப் படகு திரும்பியபோது பஸ்தியான் வலைமேல் நினைவில்லாமல் கிடந்தான். ஆஸ்பத்திரியில் டொக்டர் கேட்டார், எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று. "நான் பதினொரு மணிக்குத்தான் கண்டன்" என்றார் இன்னாசித்தம்பி. நாலாம் நாள் பஸ்தியான் செத்துப்போனான்.

அவன் மனைவி அனஸ்தாசியா, ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்தோடு மனுசன் குடியை விட்டவர் என்று வாயில் அடித்து அழுதாள். யார் கேட்டது? செத்த வீட்டிலேயே சம்மாட்டி சொல்லிவிட்டாரே, "குடிச்சுச் செத்தவன்" என்று. ஊரும் அப்படியே சொல்லிக்கொண்டது. 6.40 என்ற நேரம் உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும். அந்த ஆள் அதற்காக ஒரு நாளும் நித்திரை குழம்பியதில்லை.

இரண்டு வருடம் போனது. 2019 நவம்பர். அதே வாடி, அதே கதிரை. இன்னாசித்தம்பியின் கையிலிருந்த தேத்தண்ணி விழுந்தது. பிறகு அவரே விழுந்தார். பக்கத்தில் ஒருவரும் இல்லை.

கண் விழித்தபோது வார்ட்டில் கிடந்தார். மூளையின் வலப்பக்கத்தில் இரத்தம் கட்டி அடைத்திருக்கிறது, இடப்பக்கம் விழுந்துவிட்டது என்றார் டொக்டர். "நாலரை மணித்தியாலத்துக்குள்ள வந்தபடியாத்தான் கட்டி கரையுற ஊசி போட்டோம். தொடங்கின நேரம் சரியாத் தெரியாட்டி அந்த ஊசியத் தொட மாட்டோம். நேரத்தச் சொன்ன ஆளுக்கு நன்றி சொல்லுங்க."

எந்த ஆள்? யூஜினி கரை முழுக்கக் கேட்டுப் பார்த்தாள். ஒருவருக்கும் தெரியவில்லை. 1990 என்ற அம்புலன்ஸ் நம்பருக்கு இன்னாசித்தம்பியின் போனிலிருந்துதான் அழைப்புப் போயிருக்கிறது. அந்தப் போன் அவருடைய சட்டைப் பையில் இருந்தது. நனைந்திருந்தது.

"எவனாவது பல்லிளிச்சுக்கொண்டு வருவான், அப்ப தெரியும்" என்றார் அவர். நன்றி சொல்கிற வாய் அல்ல அது.

அவருக்கு வந்த வில்லங்கம் கை கால் மட்டுமல்ல. இடப்பக்கம் என்ற ஒன்றே அவருக்கு இல்லாமல் போயிருந்தது. முகத்தின் வலப்பாதியை மட்டும் சவரம் செய்தார். கட்டிலில் கிடந்த தன்னுடைய இடக்கையைக் கண்டு, "எவன்ட கை இது? எடுக்கச் சொல்லுங்க" என்று வார்ட் மிஸியை, அந்த நர்ஸை, திட்டினார். சோற்றில் வலப்பாதியைத் தின்றுவிட்டு, சாப்பாடு காணாது என்று கத்துவார். மறுபாதி அப்படியே இருக்கும்.

பயிற்சி கொடுக்க வந்தவள் ஸுல்பிகா. புத்தளத்துப் பிள்ளை, பிசியோ மிஸ். "கண் நல்லாத்தான் ஈக்கி ஐயா. மூளைதான் இடப்பக்கத்த மறந்திட்டுது. நீங்கதான் திரும்பித் திரும்பிப் பாத்துப் பழகோணும். இல்லாட்டி நடக்கேலா. கடலையும் மறந்திட வேண்டியதுதான்."

"நேத்துப் பிறந்த பெட்டை எனக்குப் பாக்கப் பழக்கப் போறா" என்றார் இன்னாசித்தம்பி. ஆனால் கடல் என்ற சொல் அவரை விடவில்லை. நடக்காத சம்மாட்டியை யார் மதிப்பார்கள்? தான் மற்றவர்களைப் பார்த்த பார்வையை மற்றவர்கள் தன்மேல் திருப்பினால்? அதுதான் அவருடைய பயம். நடந்தே ஆகவேண்டும்.

முதல் சங்கதி, வியாழக்கிழமை. பகல் 12.35க்கு யூஜினி சோறு தந்தாள். சூடை மீன் கறி. வலப்பாதியைத் தின்றார், கண்ணயர்ந்தார். 1.10க்கு விழித்தார். யூஜினி தட்டைத் தூக்கிக் காட்டினாள்.

"மாதாவே! முழுக்கச் சாப்பிட்டிட்டீங்க!"

"நான் தின்னயில்ல."

"பின்ன ஆரு தின்ட? நான் தண்ணி எடுக்கப் போய்ட்டு இப்பதான் வாறன்."

ஸுல்பிகா அதைப் பெரிய முன்னேற்றம் என்று எழுதிக்கொண்டாள். இன்னாசித்தம்பி தட்டைப் பார்த்தார். இடப்பக்கத்து ஓரத்தில் கொஞ்சம் மணல் ஒட்டியிருந்தது. கடல் மணல்.

அடுத்த நாளும் தட்டு வெறுமை. அதற்கடுத்த நாளும்.

இரண்டாவது, திங்கட்கிழமை காலை 10.15. ஸுல்பிகா ஒரு கடதாசியில் வட்டம் கீறிக் கொடுத்தாள். "மணிக்கூடு ஒண்டு கீறுங்க ஐயா. நேரம் பதினொண்டு பத்து."

"நான் என்ன நேசரிப் பிள்ளையா?" என்று உறுமிக்கொண்டு கீறினார். பன்னிரண்டு, ஒன்று, இரண்டு... ஆறோடு நின்றது. எல்லாம் வலப்பாதியில். முள் கீறவே இல்லை, பென்சிலை எறிந்துவிட்டார். அவள் கடதாசியைக் கட்டிலோரத்து மேசையில் வைத்துவிட்டுப் போனாள். இடப்பக்க மேசை.

பிற்பகல் 3.20. வார்ட் அடங்கியிருந்தது.

சொட்... சொட்... சொட்...

ஈரத் துணியிலிருந்து தண்ணீர் விழுகிற சத்தம். இடப்பக்கத்திலிருந்து வந்தது. பிறகு கதிரை முனகியது. யாரோ பாரத்தை மாற்றி உட்கார்ந்த மாதிரி.

"ஆரது?"

அவர் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லையா, மாட்டேன் என்றாரா? அவருக்கே வெளிச்சம்.

நாலு மணிக்கு யூஜினி வந்தாள். கடதாசியை எடுத்தாள். "நல்லாக் கீறியிருக்கீங்களே! இதென்ன, ஒன்பதத் திருப்பிப் போட்டிருக்கீங்க?"

அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

ஏழு, எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று. எல்லாம் இருந்தன. ஒன்பது திரும்பி நின்றது. இரண்டு முள்ளும் இருந்தன.

நேரம் 6.40.

"கிழிச்சுப் போடு" என்றார். யூஜினி கிழிக்கவில்லை. மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டாள். வாய் மட்டும் வளர்ந்தவள் அல்ல அவள்.

மூன்றாவது, வெள்ளிக்கிழமை காலை 9.50. பயிற்சி அறை. இரண்டு இரும்புக் கம்பிகளுக்கு நடுவில் அவரை நிறுத்தினார்கள். ஸுல்பிகா இடப்பக்கம் வந்தாள். அக்குளுக்குக் கீழே பிடித்தாள்.

பிடி பலமாக இருந்தது.

ஒரு அடி. இரண்டு அடி.

உணர்ச்சியே இல்லாத அந்தப் பக்கத்தில் அவருக்கு ஐந்து விரலும் தெரிந்தன. குளிர்ந்த விரல்கள். வலை இழுத்துக் காய்த்த விரல்கள்...

மூன்று. நாலு.

"பிடிய விடு" என்றார்.

"நான் பிடிக்கயில்லையே ஐயா!"

குரல் முன்னால் இருந்து வந்தது.

அவள் கம்பிகளின் மறுமுனையில் நின்றாள். இரண்டு கையையும் தட்டிச் சிரித்துக்கொண்டு நின்றாள். "முதல் அடியிலேயே விட்டுட்டு இங்கால வந்திட்டன். நீங்களாத்தான் நடந்தீங்க!"

பிடி இறுகியது.

சொட்... சொட்...

ஒரு கிழமை அப்படியே நடந்தார். ஒவ்வொரு நாளும் இரண்டு அடி கூட. டொக்டர்மார் வந்து பார்த்து வியந்தார்கள். இன்னாசித்தம்பி பல்லைக் கடித்துக்கொண்டு வலப்பக்கச் சுவரையே பார்த்து நடந்தார். எவன் பிடிக்கிறான் என்று தெரிந்தும் பிடித்துக்கொள்ள விட்டார். பதினான்கு வருடம் அவனுடைய உழைப்பை வாங்கியவருக்கு இது புதிதா என்ன?

வீட்டுக்கு விடுகிற நாள் செவ்வாய்க்கிழமை. நேரம் 11.05. ஸுல்பிகா அவருடைய ஆஸ்பத்திரிக் கோவையோடு, அந்த ஃபைலோடு, வந்தாள். கட்டிலில் இருந்த இன்னாசித்தம்பியிடமும் பக்கத்தில் நின்ற யூஜினியிடமும் சிரித்துக்கொண்டு சொன்னாள்.

"அம்மா, ஐயாவக் கொண்டு வந்த ஆளத் தேடினீங்க தானே? முதல் பக்கத்திலேயே பேர் ஈக்கி. கூட வேலை செய்றவராம். அம்புலன்சில இடப்பக்கத்திலயே இருந்து வந்தவராம். சாரமெல்லாம் நனைஞ்சு சொட்டினதாம்."

"என்ன பேர்?" என்றாள் யூஜினி.

"பஸ்தியான்."

யூஜினி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

ஸுல்பிகாவுக்கு ஒன்றும் தெரியாது, பாவம். தொடர்ந்து வாசித்தாள். "தொடங்கினது காலம 6.40. தான் கண்ணால கண்டதாச் சொன்னவராம். இன்னொண்டும் சொல்லியிருக்கார். டொக்டர் அதையும் அப்படியே எழுதியிருக்கார்: 'சம்மாட்டி குடிக்கயில்ல. கிட்ட வந்து மணந்து பாருங்க. இது வேற வருத்தம், கெதியாப் பாருங்க.'"



யூஜினி சட்டைக்குள்ளிருந்து அந்தக் கடதாசியை எடுத்தாள். விரித்தாள். மணிக்கூட்டைப் பார்த்தாள். புருசனைப் பார்த்தாள்.

"அண்டைக்கு நீங்க பஸ்தியான எத்தின மணிக்குக் கண்டீங்க?"

இடப்பக்கத்தில் கதிரை மெல்ல முனகியது. யாரோ முன்னுக்குச் சாய்ந்து காது கொடுத்த மாதிரி.

ஒரு சொல் போதும். உயிரைக் காப்பாற்றியவனுக்கு ஒரு சொல்.

"பதினொண்டு" என்றார் இன்னாசித்தம்பி. "எத்தின தரம் சொல்றது? பதினொரு மணி."

சொட்டுச் சத்தம் நின்றது.

கதிரை பின்னுக்கு நகர்ந்தது. மூன்று பேருக்கும் கேட்டது. பிறகு ஈரக் கால்களின் சத்தம்... தளக்... தளக்... ஒரு கால் மற்றதை இழுத்துக்கொண்டு... வாசல்வரை போனது.

போய்விட்டது.

"சரி ஐயா, எழும்புங்க" என்றாள் ஸுல்பிகா, வாசலைப் பார்த்துக்கொண்டே. "சக்கரக் கதிரைக்கு நாலே நாலு அடி."

அவர் எழுந்தார். ஒரு அடி வைக்கப் பார்த்தார். நிலத்தில் விழுந்தார்.

அன்றிலிருந்து அவர் நடக்கவில்லை. ஸ்கானில் புதிதாக ஒன்றும் இல்லை என்றார்கள். நடந்த மனுசன் ஏன் நடக்கவில்லை என்று கேட்டால் டொக்டர்மார் உதட்டைப் பிதுக்கினார்கள். நனைந்த சாரத்தோடு ஒருவன் எப்படி அம்புலன்சில் வந்தான் என்று கேட்டாலும் அதே பிதுக்கல்தான். கோவையில் எழுதியது எழுதியபடி இருக்கிறது.

வீட்டுக்கு வந்த அன்றே யூஜினி அந்தக் கடதாசியோடு அனஸ்தாசியாவிடம் போனாள். அனஸ்தாசியா நேரத்தைப் பார்க்கவில்லை. திரும்பி நிற்கிற ஒன்பதைத்தான் பார்த்தாள். அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு, "நான் சொன்னன் தானே, மனுசன் குடிக்கயில்ல எண்டு" என்றாள். யூஜினி கரை முழுக்கச் சொன்னாள். இப்போது ஊருக்கே நேரம் தெரியும். சம்மாட்டி மட்டும் இன்னும் பதினொன்று என்கிறார். கேட்கத்தான் ஆள் இல்லை.

யூஜினி மூன்று வேளையும் தட்டு நிறையச் சோறு போட்டு அவர் முன்னால் வைக்கிறாள். அவர் வலப்பாதியைத் தின்றுவிட்டு, காணாது என்று கத்துகிறார்.

இடப்பக்கத்துச் சோறு அப்படியே இருக்கிறது.