காசியிலிருந்து திரும்பிய அப்பா

போன வியாழக்கிழமை மாலை, விழுப்புரத்தில் பஸ் ஏறித் திண்டிவனம் போயிருந்தேன் — பக்கவாதத்தில் விழுந்து எழுந்திருக்கும் நண்பர் குணசீலனைப் பார்க்க.

பெயர் சொன்னால் உங்களுக்குத் தெரியாது. முகம் தெரியும். டிவி தொடர்களில் கோர்ட் டவாலி, கல்யாண புரோக்கர், பெண்ணைப் பெற்றவருக்குப் பின்னால் கைகட்டி நிற்கும் பெரியப்பா... எல்லாம் அவர்தான். கல்லூரி முடித்த காலத்தில் விழுப்புரத்தில் நாங்கள் போட்ட மேடை நாடகங்களிலும் அவர் கதாநாயகன் அல்லர். அந்த வயதிலேயே தலையில் பவுடரைக் கொட்டிக்கொண்டு கிழவராக வந்து கைத்தட்டலை அள்ளிக்கொண்டு போவார்.

இத்தனை வருடம் கழித்து, ஒரு தொடரில் கதாநாயகிக்கு அப்பா வேடம் கிடைத்தது. தினமும் வருகிற வேடம்! சில மாதங்களுக்குள் வலது பக்கம் இழுத்துவிட்டது, பேச்சும் குழறிவிட்டது.

"உடம்பைத் தேத்திக்கிட்டு வாங்க சார், வேஷம் உங்களுக்குத்தான்" என்றது கம்பெனி. கதையில் அப்பாவைக் காசி யாத்திரைக்கு அனுப்பிவைத்தது. அந்த நம்பிக்கையில்தான், காலைதோறும் கண்ணாடி முன் உட்கார்ந்து பழைய வசனங்களை அவர் சொல்லிப் பார்க்கிறார்.

தொடர் தொடங்கும் நேரத்துக்கு எதிர்வீட்டு வள்ளி வந்தார்.

"இன்னாண்ணே, காசியிலேர்ந்து எப்போ வர்றீங்க? அந்த மாமியாக்காரி உங்க பொண்ணப் பேஜாரு பண்ணிக்கினு இருக்கா!"

"டிக்...கெட்டு கெடைக்கலம்மா" என்றார் குணசீலன்.

அவர் மனைவி அமுதா விடவில்லை. "இவருக்கு எதுக்கு டிக்கெட்டு? வித்தவுட்ல வர்ற ஆளுதான்."

சிரித்துக்கொண்டிருக்கும்போதே திரையில் வாசற்கதவு திறந்தது. நெற்றி நிறைய விபூதி, கையில் கங்கைச் சொம்பு... அப்பா திரும்பிவிட்டார். வேறு ஒருவராக. கீழே எழுத்து ஓடியது: இவருக்குப் பதிலாக இனி இவர்.

யாரும் குணசீலனிடம் சொல்லியிருக்கவில்லை.

"இன்னா அநியாயம்... காசிக்குப் போனா மூஞ்சே மாறிடுமா?" என்ற வள்ளி, சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார். அமுதா ரிமோட்டை எடுத்தார். குணசீலன் இடக்கையால் தடுத்தார்.

"இருக்கட்டும்... நல்லா... நடக்கிறாரு."

யாரைக் குறை சொல்வது? படப்பிடிப்பு நின்றால் லைட் பிடிப்பவரிலிருந்து சாப்பாடு பரிமாறுபவர் வரை எல்லோருடைய பிழைப்பும் நிற்கும். வந்தவரும் எங்கேயோ பல வருடம் காத்திருந்த இன்னொரு குணசீலனாகத்தான் இருப்பார். நாம் படுத்துவிட்டால் அலுவலகத்தில் நம் நாற்காலியில் வேறொருவர் உட்காருவார்; ஆனால், நம் பெயரையும் பிள்ளையையும் சேர்த்து எடுத்துக்கொள்ள மாட்டார். ஒரு போன் செய்து சொல்லியிருக்கலாம் — அதனால் எந்தப் படப்பிடிப்பும் நின்றிருக்காது.

திரையில் மகள் ஓடி வந்தாள். புதியவரின் கைகளைப் பற்றிக்கொண்டாள்.

"அப்பா... சாப்பிட்டீங்களாப்பா?"

அவர் வாய் திறப்பதற்குள், இங்கே நாற்காலியிலிருந்து பதில் வந்துவிட்டது. துளியும் குழறாமல்.

"சாப்ட்டேம்மா."

நாங்கள் மூவரும் டிவியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.