மாரி மழையில் வெருகல் வரை: என் புது டயர்களின் முதல் ஓட்டம்

மாரி தொடங்கிய கையோடு எனக்கு வெருகல் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு இடமாற்றம் வந்தது. வீடு சாம்பல்தீவில். நாங்கள் திருகோணமலை நகருக்கு வடக்கே, பள்ளிக்கூடம் மாவட்டத்தின் தென்கோடியில், நடுவில் துறைமுகம் முழுவதையும் சுற்றிக்கொண்டு போகும் வீதி. என் மோட்டார் சைக்கிள் மீற்றரின் கணக்கில் ஒரு வழிக்கு எழுபத்தொரு கிலோமீற்றர். முதல் மணி ஏழரைக்கு. பஸ்ஸை நம்பினால் இரண்டாம் பாடத்துக்குத்தான் போய்ச் சேரலாம். இதே மாதிரி இடமாற்றம் கிடைத்து, என்ன செய்வது என்று முழிக்கும் ஆசிரியைகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் கணவர் சுரேந்திரனுக்குத் துறைமுகத்தில் வேலை. நான் மழையில் மோட்டார் சைக்கிள் ஓடுவதில் அவருக்குத் துளியும் விருப்பமில்லை. கடைசியில் ஒரு நிபந்தனையோடு இறங்கிவந்தார். "சனிக்கிழமை ஒருக்கா ஓடிப் பாப்பம். நான் பின்னால இருப்பன். ஒருக்கா வழுக்கினாலும் வெருகலில அறை எடுத்துத் தங்கவேணும், சரியோ?" சரி என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, அன்று முழுக்க ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. எங்கள் மகள் நிலாவுக்கு ஆறு வயது. திங்கள் போனால் வெள்ளி வரை அவளைப் பாராமல் இருக்க என்னால் ஏலாது. குசினிக்கும் கேற்றுக்கும் நடந்துகொண்டே இருந்தேன்.

முதல் வேலை டயர். சாம்பல்தீவில் மீன் ஏற்றுகிறவர்களைப் பார்த்து நானும் கட்டை கட்டையாகப் பூ வெட்டிய டயர்தான் போட்டிருந்தேன். கடற்கரை மணலுக்கு அது நல்லது. நனைந்த தாரில் அந்தக் கட்டைகள் ஆடும், பிடிக்காது. கிண்ணியாவில் ஒரு டயர் கடைக்குப் போனேன். கடைக்கார நானா (அந்தப் பக்கம் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவோம்) கெட்டியான டயர் ஒன்றை எடுத்துத் தட்டிக் காட்டினார்.

"டீச்சர், இத எடுங்க. கல்லு மாதிரி இரிக்கி. அஞ்சு வருசத்துக்கு இந்தப் பக்கம் வரத் தேவல்ல."

"கல்லு மாதிரி எண்டா ஈரத்தில வழுக்குமே, நானா?"

"மழையெண்டா மெல்லமாப் போறதுதானே."

நல்ல வியாபாரி. நகத்தால் ஒவ்வொரு டயரையும் அழுத்திப் பார்த்தேன். எனக்கு வேண்டியது கொஞ்சம் மென்மையான ரப்பர், நடுவில் தண்ணீர் ஓடிப்போக ஆழமான வாய்க்கால், அதிலிருந்து இரண்டு பக்கமும் பிரியும் வெட்டுகள். வெயிலில் ஓடினால் சீக்கிரம் தேயும். தேயட்டும். டயரின் பக்கத்தில் இருக்கும் நாலு இலக்கத்தையும் பார்த்தேன், முதல் இரண்டும் வாரம், கடைசி இரண்டும் வருடம். அவர் முதலில் எடுத்துத் தந்தது நாலு வருடம் வெயில் குடித்த டயர். மாற்றித் தரச் சொன்னேன். முன்னும் பின்னும் சேர்த்து இருபத்தாறாயிரத்து ஐந்நூறு ரூபாய், பூட்டுக்கூலி தனி. வெளிக்கிடும்போது, "புது டயர், முதல் நூறு கிலோமீற்றருக்குச் சரிக்காம ஓடுங்க" என்றார். அது நியாயமான பேச்சு.

வெள்ளி பின்னேரம் கணவர் வண்டியைக் கழுவித் துடைத்துப் பிள்ளையார் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை செய்து, சில்லுக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நசித்துக்கொண்டு வந்தார். வண்டி பளபளவென்று இருந்தது. எனக்கும் சந்தோஷம்தான்.

சனி காலை ஐந்தே கால். தூறல். நகரம், சீனக்குடா எல்லாம் நேர் வீதி மாதிரியே ஓடினேன், வளைவுகளில் வண்டியைச் சரிக்காமல் மாட்டுவண்டி வேகத்தில். பின்னால் இருந்தவர் இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்துக்கொண்டே வந்தார். கிண்ணியாப் பாலம் தாண்டும்போது மணி ஆறு பத்து. இப்படிப் போனால் முதல் மணிக்குப் போய்ச் சேரமாட்டேன் என்ற அந்தரம் பிடித்துக்கொண்டது. மூதூர்ப் பக்கம் திரும்பும் இடத்தில் முதல் தடவையாகக் கொஞ்சம் சரித்தேன்.

பின் சில்லு தன்பாட்டில் பக்கவாட்டாகப் போனது. அடுத்த கணம் இரண்டு பேரும் வீதியில் இருந்தோம். வேகம் குறைவு என்பதால் என் முழங்கையும் அவருடைய களிசான் காலும்தான் உரஞ்சுப்பட்டன. எழும்பி டயரைத் தடவினேன். நடுப்பகுதி சொரசொரப்பு. ஓரத்தில் விரல் வழுக்கியது. மணந்து பார்த்தேன். தேங்காய் எண்ணெய்.

"என்னப்பா இது?"

"பூசைக்குக் கொண்டுபோகேக்க வடிவா இருக்கட்டும் எண்டு பூசினனான். சைக்கிளுக்கும் பூசுறனான்தானே."

"சைக்கிளைக் கோயிலில இருந்து வீட்டுக்கு உருட்டுவீங்கள். இதில நான் வெருகலுக்குப் போறன்."

நடுவில் பூசிய எண்ணெய் முப்பது கிலோமீற்றரில் தேய்ந்து போயிருந்தது. ஓரம் அதுவரை வீதியைத் தொடவே இல்லை. அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. எனக்குக் கோபத்தைவிடப் பயம்தான் கூட. வழுக்கினால் அறை என்றுதான் பேச்சு. யாருடைய பிழை என்று பார்ப்பதாக ஒரு கதையும் இல்லை.

பக்கத்துத் தேநீர்க் கடையில் சலவைத்தூள் பைக்கற் ஒன்றும் ஒரு வாளி தண்ணீரும் வாங்கினோம். அவரே குந்தியிருந்து தேங்காய்த் தும்பால் இரண்டு டயரையும் தேய்த்தார். "என்ன தம்பி, டயருக்கு முழுக்கா?" என்று கடைக்காரர் எட்டிப் பார்த்துக் கேட்டார். இருபது நிமிடம் போனது.

மூதூர் கடந்த பிறகுதான் உண்மையான பரீட்சை. வயலில் இருந்து ஏறும் உழவு இயந்திரங்கள் களிமண்ணைத் தாரில் அப்பிவிட்டுப் போகும். மழை பட்டால் அது வெண்ணெய். அதன்மேல் பிரேக் பிடிக்காமல், வண்டியை நிமிர்த்தி, ஒரே வேகத்தில் விட்டேன். டயர் சேற்றை வெட்டிக்கொண்டு போய் மறுபடி தாரைப் பிடித்தது. ஈச்சிலம்பற்று வளைவில் சரித்தேன். அசையவில்லை. பின்னால் காலும் மிதிக்கவில்லை. பள்ளிக்கூட வாசலில் ஏழு நாற்பது. அந்த இருபது நிமிடத்தைக் கழித்துக்கொள்ளுங்கள்.

அவர் ஏற்கெனவே பேசிவைத்திருந்த அறையைப் பார்க்கப் போனோம். ஒரு கட்டில், கதிரை, சின்ன அலுமாரி. நல்ல அறைதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. எனக்கு அழுகை வந்தது. அவர் கட்டிலின் விளிம்பில் இருந்து கையால் அகலம் பார்த்தார்.

"பிள்ளை எங்க படுக்கும்?"

"பிள்ளை இஞ்ச வராதப்பா. அதுக்கு அங்க பள்ளிக்கூடம்."

அவர் எழும்பி வீட்டுக்கார அம்மாவிடம் போனார். "குறை நினைக்காதீங்கோ அக்கா. அறை வேண்டாம். இவ வீட்டில இருந்தே வந்து போவா."

"அப்ப வழுக்கினது?" என்று வெளியில் வந்து கேட்டேன்.

"அது என்ர எண்ணெய். உம்மட ஓட்டமில்லை."

இந்தப் பாதையில் மாரியில் ஓடப்போகிறவர்களுக்கு: வெயிலுக்கொன்று மழைக்கொன்று என்று டயர் மாற்ற எங்களில் யாருக்கும் வசதியில்லை, அதனால் மழையை நினைத்து வாங்குங்கள், வெயிலில் அது தன்பாட்டில் ஓடும். டயரில் அம்புக்குறி இருக்கும், சில்லு சுற்றும் பக்கம் அது பார்க்கிறதா என்று பூட்டும்போதே பாருங்கள். கடற்கரை மணலுக்காகக் காற்றை இறக்கினால் தாருக்கு ஏறமுன் மறக்காமல் அடியுங்கள். வெருகல் ஆறு பெருகினால் வீதியில் தண்ணீர் நிற்கும், முதல் நாளே யாரிடமாவது விசாரியுங்கள். பூசை செய்யுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, பூவோடும் எலுமிச்சம்பழத்தோடும் நிறுத்திக்கொள்ளுங்கள்.

திங்கள் விடிய நான் எழும்பி வந்தபோது முற்றத்தில் லைற் எரிந்தது. நிலா இன்னும் நித்திரை. அவர் வண்டிக்குப் பக்கத்தில் குந்தியிருந்து டயர்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் உள்ளங்கையை என் மூக்குக்கு நேரே நீட்டினார். மணந்து பார்த்தேன். சவர்க்காரம்தான்.