காலை மாத்திரை

"…அப்ப எங்கக்காவை அப்பிடிப் பேசுனது மாத்திரைங்களா, நானுங்களா?" என்று என் மனைவி டாக்டரைக் கேட்டாள்.

சூலூர்ப் பக்கம் எங்கள் இருவருக்கும் விசைத்தறி வேலை. ஒரு வாரம் பகல், ஒரு வாரம் ராத்திரி. பஞ்சுத் தூசியில் அவளுக்கு இளைப்பு முற்றிப்போக, ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார்கள். சீட்டில் எழுதியிருந்தது, காலை சாப்பாட்டுக்குப் பின். எங்களுக்கோ அந்த வாரம் ராத்திரி ஷிப்ட். காலை எட்டு மணிக்கு வீடு வந்து, நாலு இட்லி தின்று, மாத்திரையை விழுங்கிவிட்டுப் படுப்பாள். எழுதியபடிதானே செய்கிறோம் என்று நானும் இருந்துவிட்டேன்.

மூச்சு திரும்பியது. தூக்கம் போய்விட்டது. நான் குறட்டை விட்டுக்கொண்டிருப்பேன். அவள் உச்சிவெயிலில் கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவுவாள். "ஏனுங்க, எனக்கும் சேத்தி நீங்களே தூங்கிப்போடுங்க" என்று முதலில் சிரித்தாள். நாலாம் நாள் சிரிப்பு நின்றது. ஜன்னலோரம் யாரோ தன்னைப் பற்றிப் பேசுவதாகச் சொன்னாள்.

அன்று மத்தியானம் மதுக்கரையிலிருந்து அவள் அக்கா வந்தார். புருஷனை இழந்தவர். போசி நிறைய அரிசிம்பருப்பு சாதம் ஆக்கிக்கொண்டு வந்து, "ஒரு வாய் உண்டுபோட்டுப் படு கண்ணு" என்றார்.

"என்னத்தக் கலந்திருக்கறே? நான் செத்தா இந்த ஊட்டுல வந்து குடியேறிக்கலாம்னு பாக்கறியா?"

அக்கா ஒரே ஒரு முறை என்னைப் பார்த்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அதன்பின் எத்தனை தடவை கூப்பிட்டும் போனை எடுக்கவில்லை.

மறுநாளே அவளைக் கோயமுத்தூருக்கு அழைத்து வந்தேன். "விடியற நேரத்துல உடம்பே இந்த மாதிரி ஒண்ணச் சுரந்து மூளைய எழுப்பும்மா. நீங்க படுக்கறப்ப அதையே முழுங்கியிருக்கீங்க. சில பேருக்கு மனசும் கலைஞ்சு போகும். ராத்திரி வேலைன்னு சொல்லவே இல்லையே?" என்றார் டாக்டர்.

"நீங்க கேக்கலீங்களே" என்றேன்.

இனி தூங்கி எழுந்ததும் போட வேண்டும், அளவை நானே குறைத்துக்கொண்டு வருவேன், நீங்களாக நிறுத்தக் கூடாது என்றார். அப்போதுதான் அவள் அந்தக் கேள்வியைக் கேட்டது.

"மாத்திரைதாம்மா" என்றார் டாக்டர்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் உடனே ஆமாம் என்று தலையாட்டியிருக்க வேண்டும். அக்கா எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அவள் முகம் போகிற போக்கை வருஷக்கணக்காகப் பார்த்தவன் நான். தலை ஆடவில்லை.

சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பஸ் ஸ்டாண்டில் சூலூர் பஸ் எங்கள் எதிரிலேயே நின்றது. "நீங்க வர வேண்டாமுங்க" என்று சொல்லிவிட்டு, மதுக்கரை பஸ்ஸில் ஏறினாள்.