ஃபுதோவுக்குக் கண் திறந்த நாள்

சண்டைக்காரச் சாமி ஃபுதோவைத் தீட்ட, கியோத்தோவின் ஆற்றங்கரைக் கோயிலுக்குச் சண்டையே போடத் தெரியாத மனுஷன்தான் கிடைத்தார். ஓவியர் ஜின்பெய் எறும்புக்கும் வழிவிட்டு நடப்பவர். அவர் எழுதிய ஃபுதோவைப் பார்த்த கோயில் தலைவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"ஏம்பா, பேய விரட்டுற காவல் தெய்வம்ப்பா இது. விருந்து சாப்ட்டு எந்திரிச்சவராட்டம் இருக்காரே?"

அடுத்த படமும் திரும்பி வந்தது. "கடைசியா ஒண்ணு எழுது. தேறலேன்னா அக்கரை ஓவியன்கிட்ட குடுத்துருவேன்."

அக்கரைக்காரனுக்குப் போனால், ஜின்பெய் ஆயுசுக்கும் விசிறியில் பூப்போட்டுத்தான் பிழைக்க வேண்டும். அந்தக் கவலையில் சேற்றுச் செருப்போடு பாய் விரித்த அறைக்குள் நுழைந்துவிட்டார். மனைவி ஒகின் திரும்பினாள். ஒரு கண் விரிந்து வானத்தைப் பார்த்தது, மறு கண் இடுங்கிச் சேற்றைப் பார்த்தது, ஓரப்பல் உதட்டைக் கடித்தது. சாஸ்திரம் ஃபுதோவுக்குச் சொன்ன முகம் அச்சு அசலாக இதுதான். கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்துவிட்டது!

அப்புறம் ஜின்பெய் வேண்டுமென்றே வம்பை விலைக்கு வாங்கினார். முள்ளங்கி ஊறுகாய்த் தொட்டியைத் திறந்துபோட்டுப் பூனைமேல் பழிபோட்டார். மை படிந்த கையைச் சுவரில் துடைத்தார். ஒகின் கத்தக் கத்தப் படம் வளர்ந்தது. கருவிழி மட்டும் பாக்கி. அது கண் திறக்கும் சடங்கு; தலைவர் முன்னால், சபையில்தான் வைக்க வேண்டும்.

அந்த நாளில் ஒகின் புது இடுப்புப்பட்டை கட்டி, முன்வரிசையில் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தைப் பார்த்து எந்தக் கண்ணை வைப்பது?

"என்னப்பா, கை நின்னுபோச்சு?" என்றார் தலைவர்.

"ஒகின்," என்றார் ஜின்பெய், "ஊறுகாய்த் தொட்டியத் திறந்தது பூனை இல்லம்மா. நாந்தான்."

"என்னது?"

"சுவத்துல மையும் வேணும்னுதான். உன் கோவத்தப் பாத்துத்தான் சாமிய எழுதினேன்."

ஒகின் எழுந்தாள். அந்தப் பார்வை வந்தது. ஜின்பெய் சட்டென்று இரண்டு புள்ளி வைத்தார். கூட்டம் படத்தைப் பார்த்தது, ஒகினைப் பார்த்தது, இரண்டு பக்கமும் குனிந்து கும்பிட்டது.

"பேஷ்!" என்றார் தலைவர். "இன்னும் நாலு காவல் தெய்வம் எழுதணும். எல்லாமே நீதான்."

ஜின்பெய்க்குக் கால் தரையில் பாவவில்லை. ஒகின் படத்தருகே போய் அதை உற்றுப் பார்த்தாள். பிறகு கணவன் பக்கம் திரும்பி, கல்யாணத்தன்றுகூடச் சிரிக்காத ஒரு சிரிப்பைச் சிரித்தாள்.

"நாலு சாமியா? நல்லா எழுதுங்க. இனிமே நான் கோவமே படமாட்டேன்."